பயிற்றுநர் ஊ

அந்த ஸ்கேன் கவரை மடியில வச்சு மடக்காதீங்கக்கா. ஃபிலிம்ல மடிப்பு விழுந்தா திரும்ப எடுத்துட்டு வான்னு அனுப்பிருவாங்க. இப்படிக் குடுங்க. பஸ் ஜன்னலோரமா நிமித்தி வச்சாச்சு. இனி திருநெல்வேலி வரைக்கும் அது பாட்டுக்கு வரும்.

நர்ஸான்னா கேக்கிய? நர்ஸ்தான். ஆனா நர்ஸ் வேலை பாக்கிற நர்ஸ் இல்ல. நர்ஸாகப் போற பிள்ளைகளுக்கு வார்டுல நின்னு சொல்லிக்குடுக்கிற நர்ஸ். கிளாஸ்ல பாடம் நடத்துறவங்க வேற ஆளுக. நாங்க கட்டிலுக்குப் பக்கத்துலயே நின்னு, ஊசியை இப்படிப் பிடி, கட்டை இப்படிச் சுத்துன்னு சொல்லணும். கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர்னு பேரு. பத்தொம்பது வருஷம் ஆச்சு. என் பேரு தெய்வநாயகி. பிள்ளைக வேற பேரு வச்சிருக்குதுக. அதை விடுங்க.

எதுக்கு விடணும், சொல்லுதேன். பி.பி. மேடம். நான் வார்டுக்குள்ள காலை வச்சா நோயாளிக்கெல்லாம் பி.பி. பத்து ஏறுதாம். ஒருத்தி ஒரு வாரம் குறிச்சு வச்சு, நான் வர்றதுக்கு முன்னால எவ்வளவு, வந்த பிறகு எவ்வளவுன்னு கிராஃபே போட்டுட்டா. அது என் கையில சிக்கிட்டு. நான் ஒண்ணும் கோவப்படல. கீழ அளவு எழுதாம வரைஞ்சிருந்தா. அதை மட்டும் சரியாத் திரும்ப வரையச் சொன்னேன். மூணு தடவை.

நீங்க சிரிக்கிய. எனக்கு மூணு மாசமா நெஞ்சுக்குள்ள முள்ளு. எல்லாம் ஒரு ஃபாரத்தால வந்தது.

பெனிட்டான்னு ஒரு பொண்ணு, எங்க காலேஜ்ல மேல்படிப்பு படிக்கா. ஆராய்ச்சி பண்ணணும்லா அவங்க. எல்லாரும் சர்க்கரை, ரத்த அழுத்தம்னு எடுப்பாங்க. இவ எடுத்த தலைப்பைக் கேளுங்க. பயிற்றுநர்கள் தங்கள்மேல் காட்டும் அக்கறையை மாணவிகள் எப்படி உணர்கிறார்கள். அக்கறைக்கு மார்க் போடுறதாம்! மூணாம் வருஷப் பிள்ளைக அம்பத்திரண்டு பேரு கையிலயும் ஃபாரத்தைக் குடுத்துட்டா. நாங்க இன்ஸ்ட்ரக்டர் ஆறு பேரு. ஆளுக்கு ஒரு ஃபாரம்.

கேள்வியைப் பாத்தா உங்களுக்கே சிரிப்பு வரும். 'என் பயிற்றுநர் என் தவறைப் பிறர் முன்னால் சொல்லாமல் தனியே சொல்கிறார்.' ஏங்க, ஊசி ஒரு மனுஷனுக்குள்ள போயிட்டிருக்கு, அப்ப நான் 'கொஞ்சம் வெளிய வாம்மா, உங்கிட்டத் தனியாப் பேசணும்'னா சொல்ல? 'நான் சோர்ந்திருப்பதைக் கவனிக்கிறார்.' காலையில ஏழரை மணிக்கு வார்டுல எந்தப் பிள்ளை சோராம நிக்கும்? எல்லாம் சோர்ந்துதான் நிக்கும், அதுல எதைக் கவனிக்க? 'என்னைப் பார்த்துப் புன்னகைக்கிறார்.' போதும், இத்தோட விட்டுருதேன்.

முடிவு வந்துது. பேரு போடக் கூடாதாம், ரகசியமாம். அதனால பயிற்றுநர் அ, பயிற்றுநர் ஆ, இ, ஈ, உ, ஊன்னு போட்டிருந்தா. இ-க்கு முதலிடம். ஊ-க்குக் கடைசி. நூத்துக்கு முப்பத்தொண்ணு.

ரகசியமாமே ரகசியம்! 'இ'ன்னு எந்நேரமும் பல்லைக் காட்டுறது எங்க ஜெயசிங் சார் ஒருத்தர்தான். 'ஊ'ன்னு ஊளை விடுறது யாருன்னு ஆஸ்பத்திரி வாசல்ல படுத்துக் கிடக்கிற நாய்க்குக்கூடத் தெரியும்.

பெனிட்டாவைக் கூப்பிட்டேன். "இதுல ஊ யாரு?"ன்னு கேட்டேன்.

"அது ரகசியம் மேடம், சொல்லக் கூடாது"ன்னு ரெண்டடி பின்னால போனா.

"சரி, சொல்ல வேண்டாம். அந்த ஊ என்ன தப்பு பண்ணா?"

"நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல மேடம்"னு சொல்லிட்டு வாயைப் பொத்திக்கிட்டா.

ஜெயசிங் சாரைப் பத்தி நான் தப்பாச் சொல்ல மாட்டேன். நல்ல மனுஷன். பிள்ளைகளைக் கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போவாரு. பிறந்தநாள்னா பாட்டுப் பாடுவாரு. ரெக்கார்டு நோட்டை நீட்டினா ஒரு கையில டீயோட இன்னொரு கையால கையெழுத்துப் போட்டுருவாரு. நான் ஒரு பக்கத்துக்கு நாலு தடவை திருப்பி அனுப்புவேன். அவருக்கு எண்பத்தெட்டு, எனக்கு முப்பத்தொண்ணு. நியாயமான்னு நீங்களே சொல்லுங்க.

மனசு ஆறாம அவரு கிட்டயே போய்க் கேட்டேன். அக்கறைன்னா என்ன சார், எப்படிப் பண்ணணும்? அவரு ரொம்ப மரியாதையாச் சொன்னாரு, "பெருசா ஒண்ணும் இல்ல மேடம். பிள்ளைகளைப் பாத்தாச் சிரிங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க. சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவ்வளவுதான்." இவ்வளவுதானா, இதுக்கா எண்பத்தெட்டுன்னு நினைச்சேன். டைரியில எழுதி வச்சுக்கிட்டேன். எதையும் எழுதி வச்சுத்தான் செய்வேன், எனக்கு அதுதான் பழக்கம்.

முதல்ல சிரிப்பு. வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு பழகினேன். எங்க வீட்டுக்காரரு பின்னால வந்து பாத்துட்டு, "ஏன், கடவாப்பல்லு திரும்ப வலிக்கா?"ன்னாரு. அவரை விடுங்க, கல்யாண போட்டோவுலயே அவரும் சிரிக்கல.

திங்கக்கிழமை வார்டுக்குப் போய், என் பொறுப்புல வரிசையா நின்ன பதினாலு பேரையும் பாத்துச் சிரிச்சேன். கடைசியில நின்ன பிள்ளை கையில இருந்து பெட்பேன் நழுவி டமார்னு விழுந்துது. நல்லவேளை, காலிப் பெட்பேன். நான் திட்டல. அதுக்கும் ஒரு சிரிப்பு சிரிச்சேன். அந்தப் பிள்ளை பாத்ரூமுக்கு ஓடிட்டா.

அடுத்தது பேரு. நான் எப்பவும் பிள்ளைகளைக் கட்டில் நம்பர் வச்சுத்தான் கூப்பிடுவேன். ஏழாம் பெட்டுல நிக்கிறவ ஏழாம் பெட்டு. இதுல என்ன தப்பு? ஏழாம் பெட்டுன்னு ஒரு குரல் குடுத்தா பிள்ளையும் திரும்பும், நோயாளியும் திரும்புவாரு, ரெண்டு பேருக்கும் சேத்து வேலை முடிஞ்சிரும். இப்ப பேர் சொல்லணும்னு ஆயிட்டா, ராத்திரியெல்லாம் முழிக்காம, பகல்லயே உக்காந்து அம்பத்திரண்டு பேரையும் மனப்பாடம் பண்ணேன். பண்ணி என்ன? பேரெல்லாம் வந்துட்டு, முகந்தான் வரல. மேரி ஷைனியைப் பாத்து "வாம்மா பாத்திமுத்து"ன்னுட்டேன். அவளும் பயந்துக்கிட்டு நாள் பூரா பாத்திமுத்தாவே இருந்திருக்கா. அவ எழுதின நோயாளிக் குறிப்புல கீழ அந்தப் பேரையே கையெழுத்துப் போட்டிருக்கா.

ஆனா ஒரு வாரம் போனதும் பாருங்க, பலன் தெரிஞ்சுது. பிள்ளைக மாறிட்டுதுக. நான் நின்னா ஸ்டூல் எடுத்துப் போடுது ஒண்ணு. ஒருத்தி இளநி வாங்கிட்டு வந்து "குடிங்க மேடம், உடம்புக்கு நல்லது"ங்கா. பையைத் தூக்கிட்டு வரட்டுமாங்கா இன்னொருத்தி. நான் உள்ளுக்குள்ள நினைச்சேன், அடடா, அக்கறை அக்கறைன்னு இதைத்தான் சொன்னாங்களா, பத்தொம்பது வருஷத்தை வீணாக்கிட்டோமேன்னு.

பிலோமி சிஸ்டர்தான் சொன்னாங்க. வார்டு ஹெட் நர்ஸ். என்னைத் தனியா ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், கதவைச் சாத்திட்டு, கண்ணு கலங்கக் கேட்டாங்க. "எந்த இடத்துல தெய்வா? டாக்டரு எவ்வளவு நாள்னு சொல்லியிருக்காரு?"

"என்னது எவ்வளவு நாளு?"

எனக்கு ஏதோ தீராத நோய் வந்துட்டாம்! அதனாலதான் கடைசிக் காலத்துல சிரிக்கேனாம். ஹாஸ்டல்ல ஒரு வாரமா சாயங்கால ஜெபத்துல எனக்காக வேண்டிக்கிறாங்களாம். பாத்திமுத்து தர்காவுக்கு வேற நேர்ந்துக்கிட்டாளாம், நிஜப் பாத்திமுத்து.

நான் விடுவேனா? எனக்கு ஒரு நோயும் இல்லட்டி, நான் நல்லாத்தான் இருக்கேன், ரிட்டயர் ஆகுற வரைக்கும் இன்னும் பதினோரு வருஷம் இங்கதான் இருப்பேன்னு வார்டு நடுவுல நின்னு சொன்னேன். அதுக முகமெல்லாம் ஒரு மாதிரிப் போச்சு. அன்னைக்கோட இளநி நின்னு போச்சு.

சரி, கையில இன்னொண்ணு பாக்கி இருந்துது. சாப்பிட்டியா.

அதை ஆரம்பிச்ச முதல் நாளே இசக்கியம்மாள்னு ஒரு பிள்ளை கிட்டக் கேட்டேன். விளாத்திகுளம் பக்கம் ஊரு. ஒல்லியா, உயரமா, கேள்வி கேட்டா உத்தரத்தைப் பாத்துப் பதில் சொல்ற பிள்ளை. பெட்ஷீட் விரிச்சிட்டு நின்னா. "சாப்பிட்டியாம்மா இசக்கி?"ன்னேன். அவ்வளவுதான் கேட்டேன். மறுநாள் காலையில காலேஜ் வாசல்ல அவ அப்பா நிக்காரு. சுடலைமுத்துன்னு பேரு, ஊருல பஞ்சர் கடை வச்சிருக்காரு. முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்திருக்காரு, கையில கிரீஸ்கூடப் போகல.

"மேடம், பிள்ளை என்ன தப்பு பண்ணிச்சு? என்னன்னாலும் என்கிட்டச் சொல்லுங்க."

"ஒரு தப்பும் பண்ணலயே."

"நேத்து போன் போட்டு அழுதாளே. தெய்வநாயகி மேடம் என்னைப் பாத்து சாப்பிட்டியான்னு கேட்டுட்டாங்கப்பா, எனக்கு என்னமோ பயமா இருக்குன்னு."

"அது நான் சும்மா கேட்டேங்க."

"சும்மாவா? நீங்களா?"ன்னாரு.

அதுக்கும் சிரிச்சேன். அந்த மனுஷன் இன்னும் பயந்துட்டாரு.

ஆனாலும் நான் எடுத்த காரியத்தை விடுற ஆளு இல்ல. ஒரு மாசம் பண்ணிப் பாத்துருவோம்னு இருந்தேன். தினம் காலையில வரிசையா நிக்க வச்சு, ஒவ்வொருத்தியா சிரிச்சு, பேர் சொல்லி, சாப்பிட்டியான்னு கேட்டு, பதினாலு பேரையும் முடிச்சிட்டுத்தான் மத்த வேலை.

அப்பதான் அந்தச் செவ்வாக்கிழமை வந்துது.

ஆம்பளைங்க வார்டு. பன்னிரண்டாம் பெட்டுல சங்கரபாண்டி அண்ணாச்சி. போஸ்ட்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு, கால்ல ஆறாத புண்ணு. அவருக்குப் பத்து மணி ஊசி. இசக்கிதான் அந்தக் கட்டிலுக்கு. மருந்து பொடியா இருக்கும். சின்னக் குப்பியில சுத்தத் தண்ணி இருக்கும், அதை உறிஞ்சிப் பொடியில விட்டுக் கரைச்சு, நரம்புல ஏத்தணும். அதே டிரேயில அதே மாதிரிக் குப்பியில பொட்டாசியம் மருந்தும் இருந்துது, பக்கத்துக் கட்டில்காரருக்கு. அதைப் பெரிய பாட்டில்ல கலந்து சொட்டுச் சொட்டா ஏத்தலாம். நேரா நரம்புல விட்டா இதயம் நின்னுரும். நின்னா நின்னதுதான்.

பத்தொம்பது வருஷமா எனக்கு ஒரு வழக்கம். நான் பிள்ளைக முகத்தைப் பாக்க மாட்டேன். கையைத்தான் பாப்பேன். பதினாலு பிள்ளைக்கு இருபத்தெட்டுக் கை, அத்தனையும் என் கண்ணுக்குள்ள இருக்கும். எந்தக் கை எதை எடுக்குது, எந்தக் கை நடுங்குதுன்னு முதுகைக் காட்டிக்கிட்டே சொல்லுவேன். அந்த ஒரு மாசந்தான் முகத்தைப் பாத்தேன்.

அன்னைக்கு ஒன்பதாம் பெட்டுல நிக்கேன். அங்க நின்ன பிள்ளையைப் பாத்துச் சிரிச்சு, பேரு ஞாபகம் வராம யோசிச்சிட்டு நிக்கேன். சிரிச்ச முகத்தோடவே திரும்புறேன். இசக்கி பக்கத்துல டிரேயில காலிக் குப்பி கிடக்கு. எழுத்து வேற நிறம், பொட்டாசியம். அவ சிரிஞ்ச் முனை அண்ணாச்சி கையில இருக்கிற குழாய்க்குள்ள போயாச்சு. பெருவிரல் தள்ளுறதுக்குத் தயாரா இருக்கு.

"ஏட்டி! கையை எடு!"

கத்தினேன் பாருங்க. ஒரு மாசமா அடக்கி வச்சிருந்த சத்தம் மொத்தமும் சேந்து வந்துது. வார்டே எந்திரிச்சு உக்காந்துட்டு. எந்திரிக்கக் கூடாதுன்னு இடுப்புக்குக் கட்டுப் போட்டுப் படுக்க வச்சிருந்த ஆளுகூட எந்திரிச்சுட்டாரு. மாடியில பிரசவ வார்டுல கேட்டிருக்கு. இசக்கி கை அப்படியே அந்தரத்துல நின்னுட்டு. நான் போய் சிரிஞ்சை வாங்கிக்கிட்டேன். ஒரு சொட்டு உள்ள போகல. ஒரு சொட்டு.

டாக்டரு வந்து அண்ணாச்சியைப் பாத்தாரு, ஒண்ணும் இல்ல. நடந்ததை ஒளிக்காம அவருகிட்டச் சொல்லிட்டாரு. மருந்து மாற இருந்துது, மேடம் பாத்துத் தடுத்துட்டாங்கன்னு. அண்ணாச்சி காதைக் குடைஞ்சுக்கிட்டாரு. பொறவு சொன்னாரு, "எல்லாம் சரிதான். ஆனா அதைக் கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம்."

இசக்கியைத் துணி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். போர்வைக் கட்டு மேல உக்கார வச்சேன். பல்லு தந்தியடிக்குது பிள்ளைக்கு. நான் ஆறுதல் ஒண்ணும் சொல்லல. எனக்குச் சொல்லத் தெரியாது. கையைப் பிடிச்சு நாடி பாத்தேன். நூத்தி முப்பது. அது தொண்ணூறுக்கு இறங்குற வரைக்கும் விடல. முக்கால் மணி நேரம் ஆச்சு. அப்பவும் நான் நாடி பாக்கத்தான் கையைப் பிடிச்சேன், வேற ஒண்ணும் இல்ல. பிலோமி சிஸ்டர் எட்டிப் பாத்துட்டு என்னமோ மாதிரி சிரிச்சிட்டுப் போனாங்க.

நடந்ததை எழுதிக் குடுக்கணும்லா. நானே எழுதினேன். மாணவி குப்பியைப் படிக்கவில்லை. மேற்பார்வை செய்ய வேண்டிய பயிற்றுநர் அந்த நேரம் மாணவியின் கையைக் கவனிக்கவில்லைன்னு. பிரின்சிபால் மேடம் படிச்சுட்டு கண்ணாடியைக் கழட்டினாங்க. "பிள்ளையைக் காப்பாத்தப் பாக்கறீங்களா தெய்வநாயகி?"

"காப்பாத்தல மேடம். நடந்ததை எழுதியிருக்கேன்."

"அப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சிரிச்சிட்டு இருந்தேன் மேடம்."

எனக்கு மெமோ வந்துது. பத்தொம்பது வருஷத்துல முதல் மெமோ. அதுவும் சிரிச்சதுக்கு.

இதோட முடிஞ்சிருந்தா நான் ஏன் ஞாயித்துக்கிழமையும் அதுவுமா இந்த வெயில்ல பஸ்ல வாரேன்? அன்னைக்குச் சாயங்காலமே இசக்கி ஊருக்குப் போயிட்டா. ஒரு நாள், ரெண்டு நாள், பன்னெண்டு நாளாச்சு. போன் எடுக்கல. பொட்டியைக்கூட ஹாஸ்டல்ல விட்டுட்டுப் போயிட்டா. படிப்பே வேண்டாம்னு சொல்லிட்டாளாம். இன்னும் நாலு நாள் வரலன்னா வருகைப்பதிவு குறைஞ்சு பரீட்சை எழுத முடியாது. எனக்கென்ன? எனக்கு ஒண்ணும் இல்ல. பன்னிரண்டாம் பெட்டுக்கு ஆளு இல்ல, அதுதான் தொந்தரவு. அண்ணாச்சி வேற தினம் கேக்காரு, "அந்த ஒல்லிப் பிள்ளை எங்க? அதுதான் கட்டு நல்லாப் போடும்"னு. நேத்து யோசிச்சேன், இன்னைக்குக் காலையில கிளம்பிட்டேன். யாருகிட்டயும் சொல்லல. ஜெயசிங் சாருக்குத் தெரிஞ்சா இதுக்கும் ஒரு பாட்டுப் பாடுவாரு.

விசாரிச்சுப் போனேன். ரோட்டு மேல பஞ்சர் கடை, பின்னால வீடு. கதவு திறந்து கிடக்கு. சுடலைமுத்து அண்ணனுக்கு டயர் கம்பி கிழிச்சு உள்ளங்கையில காயம். தரையில உக்காந்து கையை நீட்டியிருக்காரு. இசக்கி எனக்கு முதுகைக் காட்டி உக்காந்து கட்டுப் போட்டுட்டிருக்கா. நான் வாசல்லயே நின்னேன். நல்லா இருக்கியாம்மான்னு கேக்கணும்னுதான் வாயைத் திறந்தேன். என்ன வந்துதுன்னா, "கையைக் கழுவினியாட்டி?"

அவ திரும்பாமலே, "கழுவிட்டேன் மேடம்"னா.

அதுக்குப் பொறவுதான் யாரு கேட்டான்னு அவளுக்கு உறைச்சுது. துணி கையில இருக்க அப்படியே எந்திரிச்சு நின்னுட்டா.

"உக்காரு. முடிச்சிட்டு எந்திரி. பாதியில விடாத."

உக்காந்து முடிச்சா. நான் கட்டைப் பாத்தேன். ஒரு சுருக்கம் இல்ல. நல்லாயிருக்குன்னு சொல்லல. ஓரத்தைக் கொஞ்சம் உள்ள மடக்கலாம்னு சொன்னேன். அவ அப்பா, "மேடம், சாப்பிட்டியளா?"ன்னு கேட்டாரு பாருங்க, எனக்குப் பக்குனு ஆயிட்டு.

"ஏன் வரல?"ன்னு அவளைக் கேட்டேன். "நான் கத்தினதுக்கா?"

"இல்ல மேடம்."

"பின்ன?"

உத்தரத்தைப் பாத்தா. பொறவு சொன்னா. "அன்னைக்கு எனக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல் மேடம். லீவு கேக்கப் பயம். ஒண்ணும் சாப்பிடல, கண்ணெல்லாம் மங்கலா இருந்துது. காலையில நீங்க வரிசையா வந்து சாப்பிட்டியான்னு கேட்டிய. சரி, சொல்லிருவோம்னு, இல்ல மேடம்னு சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"ரொம்ப சந்தோஷம்னு சொல்லிட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிட்டிய."

நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்க்கா.

சொல்லியிருப்பேன். பதினாலு பேருல அவ பதினொண்ணாவது. கேக்கணும்னு எழுதி வச்சிருந்தேன், கேட்டேன். பதில் வந்தா என்ன செய்யணும்னு நான் எழுதி வைக்கல. முப்பத்தொண்ணு மார்க் வாங்கினப்பகூட எனக்கு அப்படி இல்ல. அந்தப் பஞ்சர் கடை வீட்டுல நின்னப்பதான் நான் ஃபெயிலாயிட்டேன்னு தோணிச்சு. அவ நெத்தியில புறங்கையை வச்சுப் பாத்தேன். காய்ச்சல் இல்ல. பன்னெண்டு நாள் கழிச்சு எப்படி இருக்கும்?

"அதுக்காகப் படிப்பை விடுவியா? அதான் ஒண்ணும் ஆகலயே"ன்னேன்.

"நீங்க கத்தினதால ஒண்ணும் ஆகல மேடம். படிச்சு முடிச்சு வேற ஊருல வேலைக்குப் போனப் பொறவு யாரு மேடம் கத்துவா?"

பாத்தியளா பிள்ளை பேச்சை? வாழ்நாள் பூரா நான் இவ பின்னாலயே போய்க் கத்திக்கிட்டு இருக்கணுமாம். எனக்கு வேற வேலை இல்லயா?

எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். எனக்குச் சொல்லிக்குடுத்தவங்க எமரென்சியா மேடம். அவங்களுக்கு முன்னால நானெல்லாம் ஊ இல்ல, வெறும் உ. அவங்க செத்து ஆறு வருஷமாச்சு. "இன்னைக்கும் நான் ஒரு குப்பியை உடைக்கப் போனா, காதுக்குள்ள 'படிச்சியாட்டி'ன்னு ஒரு அதட்டல் கேக்கும் இசக்கி. நான் உடனே படிச்சிருவேன். என் சத்தமும் அப்படித்தான். நீ எந்த ஊருக்குப் போனாலும் கூட வரும்."

"உங்க சத்தம் எனக்குள்ளயே இருக்குமா மேடம்?"

"இருக்கும்."

"போகவே போகாதா?"

"போகாது."

அந்தப் பிள்ளை ஓன்னு அழ ஆரம்பிச்சிட்டா. எதுக்கு அழுதான்னு எனக்கு இப்பவும் புரியல. நான் நல்லதாத்தான் சொன்னேன். அவ அப்பா கட்டுப் போட்ட கையால கண்ணைத் துடைச்சாரு. கட்டு அழுக்காயிட்டு. திரும்பக் கட்ட வச்சோம்.

வந்தாளான்னா கேக்கிய? அதோ, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. பச்சைத் துப்பட்டா. ரெண்டு பேருக்கும் சேந்தாப்புல இடம் கிடைக்கல. கிடைச்சிருந்தாலும் என் பக்கத்துல உக்காந்திருக்க மாட்டா, பயந்த பிள்ளை. சோறு வடிச்சுப் போட்டுத்தான் அனுப்பினாரு அவ அப்பா. அவ சாப்பிட்டாளான்னா? சாப்பிட்டா. நான் கேக்கல, எதிர்ல உக்காந்து பாத்தேன். ரெண்டு தடவை குழம்பு வாங்கினா.

என்னக்கா, முன்னால என்ன கூட்டம்? அவ பக்கத்துல இருந்த பாட்டியம்மாவுக்கா? வாந்தியா? ஆமா, கயத்தாறுல ஏறினப்பவே மூஞ்சி வெளுத்துதான் இருந்துது. ஐயோ, அந்தம்மா சாயுது. மயங்குது. தலையை மல்லாத்தி வைக்கக் கூடாது, வாந்தி மூச்சுக்குழல்ல போயிரும். கண்டக்டர் வேற தண்ணியைக் கொண்டு போறான் கூமுட்டை, மயங்கின ஆளு வாயில தண்ணி ஊத்துவாங்களா? கொஞ்சம் நகருங்க, நான் இங்க இருந்தே ஒரு சத்தம்...

இருங்க.

இருங்க. திருப்பிட்டா. ஒருச்சாச்சுப் படுக்க வச்சிட்டா பாருங்க. வலது கை தாடைக்குக் கீழ. சரி. இடது கை, இடது கை எங்க? நாடியில. சரி. சேலையைத் தளர்த்துறா. தண்ணியைத் தட்டி விட்டுட்டா. "தள்ளுங்க! எல்லாரும் தள்ளுங்க! காத்து வரட்டும்!" கேட்டியளா? கண்டக்டர் ரெண்டடி பின்னால போயிட்டான். டிரைவர் வண்டியையே ஓரங்கட்டிட்டான். யாரு சத்தம் அது? அந்த ஒல்லி உடம்புக்குள்ள எங்கிட்டு இருந்தது இவ்வளவு சத்தம்?

பாட்டியம்மா கண்ணு முழிச்சாச்சு. முழிச்சாச்சுக்கா.

நான் வாயைத் திறந்தேன், கத்த வேண்டிய வேலையே வரல. வந்த சத்தத்தை அப்படியே முழுங்கிட்டேன். அது இப்ப தொண்டையில நின்னுட்டு, மேலயும் வரமாட்டேங்குது, கீழயும் போகமாட்டேங்குது.

உங்ககிட்டக் கொஞ்சம் தண்ணி இருக்காக்கா?